அறுபது என்று இருந்தது

கன்செப்சியோனில் மழை.
ஜூலையில் இங்கே அதைத் தவிர வேறு செய்தி கிடையாது.
மூன்றாம் மாடியின் ஹீட்டர்
ஒரு காலை மட்டும் சுடுகிறது.
திரையில் ஒரு படிவம்,
இருபத்திரண்டு கட்டங்கள்.
எல்லாவற்றிலும் யாரோ முன்பே
எதையோ நிரப்பிவைத்திருக்கிறார்கள்.

முதன்மைத் தளம்: நாங்கள்.
மாற்றுத் தளம்: அன்டோஃபகஸ்டா,
வடக்கே, பாலைவனத்தின் ஓரம்,
பேருந்தில் போனால் ஒரு பகல், ஓர் இரவு,
அதன் பிறகும் கொஞ்சம் பகல்.
அங்கே மழை பெய்தால்தான் செய்தி.
ஒரே நடுக்கம் இரண்டு ஊரையும்
ஒன்றாகச் சாய்க்காது என்பது
பொறியாளர்கள் போட்ட கணக்கு.
பூமியின் கையெழுத்து அதில் இல்லை.

இரண்டுக்கும் இடையில் ஓடுவது இரத்த வங்கியின் பதிவேடு:
எந்தப் பை, எந்த வகை, எந்தக் குளிர்பெட்டி,
எந்தத் தேதிக்குள் யாருக்காவது
ஏற்றியாக வேண்டும்.

கட்டம் நான்கு கேட்கிறது:
எவ்வளவு இழக்கச் சம்மதம்?
அதன் மொழியில் கேள்வி இப்படி இல்லை.
நகலெடுப்புத் தாமதத்தின் உச்சவரம்பு, வினாடிகளில்.
முப்பது என்று தட்டினேன்.
பிறகு பதிவேட்டைத் திறந்து
போன செவ்வாய்க்கிழமையிலிருந்து
ஏதோ ஒரு முப்பது வினாடியை எடுத்துப் பார்த்தேன்.
தல்காவானோ மருத்துவமனை, இரவு 11:42,
ஓ நெகட்டிவ், இரண்டு பை, வெளியே.
எடுத்தவர் பெயர் இல்லை, எண் மட்டும்.
முப்பதை அழித்தேன்.
ஐந்து.
இந்தக் கேபிள் தாங்காது என்று மஞ்சளில் எச்சரிக்கை.
எட்டு. மஞ்சள் போகவில்லை.
பன்னிரண்டில் போனது.
பன்னிரண்டுக்குள் ஒரு பை போய்விடலாம்.
சேமித்தேன்.

கட்டம் ஒன்பது:
நாடித்துடிப்பு எத்தனை வினாடி நின்றால்
எதிர்த்தளம் இறந்ததாகக் கொள்வது?
எனக்கு முன்பிருந்தவர் தொடவே இல்லை.
வந்தது வந்தபடி
அறுபது என்று இருந்தது.

எங்கள் ஊர் ஆடிய அந்தப் பிப்ரவரியில்
என் போன் பத்தொன்பது மணிநேரம் ஊமை.
செத்தது டவர்தான். நான்
தெருவில் போட்ட மெத்தைமேல் உட்கார்ந்து
பக்கத்து வீட்டுக்காரரின்
டின் பீச் பழம் தின்றுகொண்டிருந்தேன்.
கலாமாவில் என் அக்கா எடெல்மிரா
ஆறாம் மணியில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டாள்.
எட்டாம் மணியில் என் மோட்டார் சைக்கிள்
மச்சானுக்கு என்று பேசி முடித்துவிட்டார்கள்.
இன்றுவரை அது அவரிடம்தான்.
பதிவுப் புத்தகம் என்னிடம்.

கிளஸ்டர்களுக்கும் இதுதான் பயம்.
வழி அறுந்ததை மரணம் என்று படித்து
வடக்கு எழுந்து ‘இனி நான்தான்’ என்னும்.
சாகாத தெற்கும் அதையே சொல்லிக்கொண்டிருக்கும்.
ஓர் உறையில் இரண்டு கத்தி.
ஒரே பையை இரண்டு நோயாளிக்கு எழுதும்,
தன் கணக்கே சரி என்று
இரண்டும் சத்தியம் செய்யும்.

முந்நூறு என்று வைத்தேன்.
கட்டம் பத்து: பொறுப்பு மாறுவது
தானாகவா, மனிதரைக் கேட்டா?
கேட்டு.
யாரை என்ற கட்டத்தில்
நெல்டா கயூபி என்று எழுதினேன்,
அவளைக் கேட்காமலே.

வியாழன் இரவு வந்தது சோதனை அல்ல.
சியானுக்கு அப்பால் எங்கோ ஒரு பொக்லைன்
வாய் நிறையக் கேபிளைக் கடித்துவிட்டது.
3:12. துடிப்பு இல்லை.
என் திரையில் வடக்கு இறந்திருந்தது,
அவள் திரையில் நான்.
மழைச் சத்தத்தில் முந்நூறும் தீர்ந்தது.
இந்நேரம் அவள் முன்னால் கேள்வி நிற்கும்:
பொறுப்பேற்கிறீர்களா? ஆம். இல்லை.

ஜன்னலோரம் வானம் பார்த்துக் கிடந்த
செயற்கைக்கோள் போன்,
வாங்கியதிலிருந்து ஒருமுறையும் ஒலிக்காதது,
ஒலித்தது.
“செத்துட்டியா, இரினியோ?”
“இல்ல. காபிதான் ஆறிடுச்சு.”
ஒரு விசை அழுந்தும் சத்தம்.
இல்லை என்பதைத்தான் அழுத்தியிருப்பாள்.
“அது சரி, யாரைக் கேட்டு என் பேரைப் போட்டே?”

நான் வாய் திறப்பதற்குள்
செயற்கைக்கோள் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது.
இரைச்சல்கூட இல்லை.
எண்ணத் தொடங்கினேன்.